நடந்தும் ஏறல, உட்கார்ந்தா ஏறுது: கைப்பட்டையின் நடைக்கணக்கைச் சரிசெய்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் திடலில் காலையில் நடக்கிற பெரியவர்களின் கையைப் பாருங்கள். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்த, காலடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்று கட்டியிருக்கும். அதை ஓட விட்டுக் கொடுத்ததும் அந்தப் பிள்ளைதான். கணக்குத் திறந்து, வயது, உயரம் எல்லாம் போட்டுவிட்டு, தீபாவளி விடுமுறை முடிந்ததும் கிளம்பிப் போயிருப்பார். அதற்குப் பிறகு எண் தாறுமாறாக வந்தால் பட்டை என் போன் கடைக்கு வந்துவிடும். "தம்பி, இது கெட்டுப்போச்சு, என்னான்னு பாரு." பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். கைப்பட்டை உங்கள் காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது. உள்ளே முடுக்கமானி என்ற சின்னச் சில்லு இருக்கிறது. மேல் கீழ், முன் பின், இடம் வலம் என்று மூன்று திசையிலும் கை எப்படி வீசுகிறது, எப்படி நிற்கிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். நடக்கும்போது கை ஒரே தாளத்தில் வீசும். கால் தரையில் படும் அதிர்வும் மணிக்கட்டு வரை வரும். அந்தத் தாளம் பிடிபட்டால்தான் நடை என்று எண்ணும். ஒன்றிரண்டு அசைவை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்காக, பல கருவிகள் சில அடிகள் தொடர்ந்து வரும்வரை காத்திருக்கும். பத்தடி வரை காத்திருப்பவையும் உண்டு. உறுதியானதும் விட்டதையும் சேர்த்து ஒரே தாவலாக ஏற்றிவிடும். அடுப்படியிலிருந்து வாசலுக்கு நாலு எட்டு வைத்துவிட்டு "ஏறலையே" என்றால் அது கோளாறு இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன்: 200 அடி சோதனை

திடலில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையை இயல்பாக வீசி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே 200 காலடி நடங்கள். நின்று, திரை புதுப்பித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுத்து மறுபடி பாருங்கள். 190க்கும் 210க்கும் இடையில் ஏறியிருந்தால் பட்டை நன்றாகவே இருக்கிறது. உங்கள் வேலையோ கட்டிய விதமோ அமைப்போதான் காரணம். 150, 260 என்று வந்தால் மறுபடியும் ஒரு முறை நடந்து பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் கீழே உள்ளதை வரிசையாகப் பார்க்கலாம். இந்தச் சோதனை செய்யாமல் நேராக 'ரீசெட்' போடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் எதுவும் சரியாகாது, பழைய கணக்கு அழிவதுதான் மிச்சம்.

நடந்தேன், ஆனால் ஏறவில்லை

கை எங்கே இருந்தது என்று யோசியுங்கள். பாசாரில் இரண்டு கையிலும் காய்கறிப் பை, பேரங்காடியில் தள்ளுவண்டி, மழையில் குடை, பேரப்பிள்ளையின் தள்ளுவண்டி, சட்டைப்பையில் கை: இவை எல்லாவற்றிலும் கால் நடக்கும், மணிக்கட்டு அசையாது. நடைப்பயிற்சி இயந்திரத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நடப்பதும் அப்படித்தான். தைப்பூசத்தில் காவடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலையேறுகிறவருக்குப் பத்துமலையின் 272 படியும் கணக்கில் வராமல் போகலாம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதே சிக்கல் நாள் முழுக்க. குலை ஒன்று 20 கிலோவுக்கு மேல் வரும். அதை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, மரங்களுக்கு நடுவே லோரி வரும் பாதை வரை தள்ளிக்கொண்டு போகும்போது, கை வண்டியின் பிடியில் பூட்டியது போல் இருக்கும். உடம்பு முழுக்க வேர்வை, பட்டையில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கிராணியின் (குமாஸ்தாவின்) எண். கோபம் வருவது நியாயம்தான்.

வழி: பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பாருங்கள். வார் எட்டாவிட்டால் காலுறைக்குள் செருகினாலும் போதும். இதயத் துடிப்பு அளவு அப்போது நம்பும்படி வராது. அதை அணைத்துவிட்டால் பேட்டரியாவது மிச்சம். எல்லாக் கருவியும் காலில் சரியாக எண்ணும் என்று சொல்ல முடியாது. அதனால் காலில் கட்டியதும் 200 அடி சோதனையை ஒரு முறை செய்து, எண் பொருந்தினால் மட்டும் தொடருங்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களின் கதை வேறு, எனக்கு இதுதான் சுவாரசியமான கேஸ். பால்மரங்கள் வரிசையில் இரண்டரை, மூன்று மீட்டர் இடைவெளியில் நிற்கும். மரத்துக்கு மரம் நாலைந்து எட்டு. நடக்கிறார், நிற்கிறார், குனிந்து மரப்பட்டையைச் சீவுகிறார், பால் வடியும் கோப்பையைச் சரிசெய்கிறார், மறுபடி நாலைந்து எட்டு. பத்தடி வரை காத்திருக்கும் கருவிக்கு இந்த நடை நடையாகவே தெரியாது. ஒவ்வொரு முறையும் எண்ணத் தயாராகும்போது ஆள் நின்றுவிடுகிறார். அதே சமயம் கத்தி பிடித்த கையில் கட்டியிருந்தால் சீவும் அசைவில் கொஞ்சம் சும்மா ஏறும். விட்டதும் கூடியதும் கலந்த அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இவர்கள் கத்தி பிடிக்காத கையில் கட்டுவது நல்லது. வேலை நேரத்துக்கு அடி எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் வேலை, துடிப்பு எவ்வளவு கூடியது என்று பார்த்தால் உடம்பின் உழைப்பு ஓரளவு தெரியும்.

மெதுவாக, காலைத் தேய்த்து நடக்கும் பெரியவர்களுக்கும் குறைவாகத்தான் வரும். அதிர்வு சின்னதாக இருப்பதால் கருவி அதை நடை என்று ஏற்பதில்லை. ஊன்றுகோல் வைத்திருந்தால் கோல் பிடிக்காத கைக்கு மாற்றுங்கள். அதிலும் சரிவராவிட்டால் கணுக்கால்தான்.

கடைசியாக ஓர் அமைப்பு. பல செயலிகளில் எந்தக் கையில் கட்டுகிறீர்கள், பழக்கமான கையா மற்றதா என்று கேட்கும். பழக்கமான கை நாள் முழுக்க ஏதாவது செய்துகொண்டே இருக்கும் என்பதால், அதைத் தேர்ந்தெடுத்தால் கருவி உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ஃபிட்பிட் நிறுவனப் பட்டைகளில் இது தெளிவாகவே உண்டு. பிள்ளை அமைத்துக் கொடுத்தபோது என்ன போட்டாரோ, அதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். திறந்து பார்த்து உங்கள் கைக்கு மாற்றுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே ஏறுகிறது

முதல் குற்றவாளி மோட்டார் சைக்கிள். தார்ச்சாலையில் பெரிதாக ஒன்றும் ஏறாது. தோட்டத்துச் செம்மண் பாதையில், கல்லும் குழியுமாக இருக்கும் இடத்தில், கைப்பிடி வழியாக வரும் குலுக்கல் நடையின் தாளத்துக்குக் கிட்ட வந்துவிடும். புறப்படும்போது ஒரு முறை, இறங்கியதும் ஒரு முறை எண்ணைப் பாருங்கள். எவ்வளவு கூடியதோ, அதுதான் உங்கள் மோட்டாரின் 'நடை'. தினமும் அதே பாதை என்றால் கழித்துக்கொள்ளலாம். கழற்றிப் பைக்குள் போட்டால் மட்டும் நின்றுவிடாது, பையும் சேர்ந்துதானே குலுங்குகிறது.

அடுத்தது கைவேலை. ரொட்டி சானாய் மாவு பிசைந்து வீசுவது, தே தாரிக் இழுப்பது, துணி துவைப்பது, ஸ்பிரிங் தொட்டிலை ஆட்டிக் குழந்தையைத் தூங்க வைப்பது, பஜனையில் கை தட்டுவது. தொட்டில் ஆட்டும் பாட்டிக்கு மதியத்துக்குள் நல்ல எண் வந்துவிடும். உறுமி மேளம் அடிக்கும் பையன்களைக் கேட்கவே வேண்டாம். கோவில் இளைஞர் குழுவில் நடைப்போட்டி வைப்பதாக இருந்தால், மேளப் பயிற்சி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முதலிலேயே பேசிவையுங்கள், இல்லையென்றால் சண்டைதான்.

சரிசெய்ய: வேலை செய்யாத கைக்கு மாற்றுவது, வாரைக் கொஞ்சம் இறுக்குவது, மேலே சொன்ன அமைப்பில் பழக்கமான கை என்று போட்டு உணர்திறனைக் குறைப்பது. தளர்ந்த பட்டை மணிக்கட்டில் தானாகவே ஆடி அசைவை இரட்டிப்பாக்கும். ஒரு விரல் நுழையும் அளவு இடம் போதும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாக வாங்கிய பட்டை என்றால் ஒரு சோதனை: அதை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். அசையாமல் கிடந்தும் எண் ஏறியிருந்தால் அமைப்பை மாற்றிப் பயனில்லை. திருப்பிக் கொடுங்கள், வாங்க மறுத்தால் நேரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஓர் எண், போனில் வேறு எண்

தோட்டத்துக்குள் "லைன் இல்ல, அதான் ஏறல" என்று பலர் சொல்வார்கள். பட்டைக்கும் போனுக்கும் நடுவே இருப்பது புளூடூத், அதற்கு லைன் (போன் சிக்னல்) வேண்டாம். காட்டுக்குள் இருந்தாலும் போன் பக்கத்தில் இருந்தால் எண் மாறும். போன் வீட்டில், ஆள் தோட்டத்தில் என்றாலும் கவலை இல்லை. பல நாள் கணக்கைப் பட்டை தனக்குள் வைத்திருந்து வீட்டுக்கு வந்ததும் கொடுத்துவிடும்.

வீட்டுக்கு வந்தும் மாறாவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். புளூடூத் ஓடுகிறதா? செயலியைத் திறந்து திரையைக் கீழே இழுத்துவிட்டால் இப்போதே ஒத்திசைகிறதா, அதாவது பட்டையின் கணக்கு போனுக்கு வருகிறதா? திறக்கும்போது மட்டும் மாறுகிறது, தானாக மாறுவதில்லை என்றால், போனின் பேட்டரிச் சேமிப்பு அந்தச் செயலியைப் பின்னணியில் கொன்றுவிடுகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் இதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்துக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். தானாகத் தொடங்கும் அனுமதி என்று ஒன்று இருந்தால் அதையும் கொடுங்கள். அடுத்தது அனுமதி. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, புளூடூத்தில் பக்கத்துக் கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி வேண்டும். 12லிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்தது. "என்னை எதுக்கு வேவு பார்க்குது" என்று மறுத்தவர்களின் போனில் ஒத்திசைவு நின்றுபோயிருக்கும்.

போனில் எண் கூடுதலாக இருந்தால் வேறு கதை. போனுக்குள்ளும் அதே முடுக்கமானி உண்டு, அதுவும் தன் பங்குக்கு அடிகளை எண்ணும். சில செயலிகள் இரண்டையும் ஒப்பிட்டுக் கலந்து காட்டும். தரவு மூலம் எது என்று கேட்கும் இடத்தில் பட்டையை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இணைப்பை அறுத்து மறுபடி இணைப்பது கடைசி வழி. அதற்கு முன் ஒரு முறையாவது ஒத்திசைத்துவிடுங்கள், பல பட்டைகள் இணைப்பை நீக்கும்போது உள்ளே இருப்பதை அழித்துவிடும்.

நடுராத்திரியில் சுழியத்துக்கு வரவில்லை

அதிகாலை நாலு மணிக்கெல்லாம் கிளம்புகிறவர்கள் இதை உடனே கவனித்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு எண் சுழியமாகிறது என்று பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. அதிகாலை 2.30 என்றால் பட்டை இன்னும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்களின் கையில் இதைப் பார்க்கலாம். காலை 8 மணி என்றால் நேரமண்டலமே அமைக்கப்படாமல் உலகப் பொது நேரத்தில் நிற்கிறது. போனில் நேரமண்டலத்தைத் தானியங்கியாக்கி ஒரு முறை ஒத்திசைத்தால் போதும், பட்டைக்கு நேரம் கொடுப்பது போன்தான்.

அடி சரி, தூரம் தப்பு

ஜிபிஎஸ் இல்லாத பட்டை தூரத்தை அளப்பதில்லை. அடி எண்ணிக்கையை ஓர் எட்டின் (ஒரு காலடியின்) நீளத்தால் பெருக்குகிறது; எட்டின் நீளத்தை உங்கள் உயரத்திலிருந்து ஊகிக்கிறது, பொதுவாக உயரத்தில் 41 விழுக்காடு சுமார். இங்கேதான் பிள்ளை போட்ட விவரம் வந்து மாட்டும். மகனின் 175 சென்டிமீட்டர் உயரம் உள்ளே இருந்து, கட்டியிருப்பவர் 150 சென்டிமீட்டர் அம்மா என்றால், 5,000 அடிக்கு 3.1 கிலோமீட்டர் வர வேண்டிய இடத்தில் 3.6 என்று காட்டும். கலோரிக் கணக்கும் வயதையும் எடையையும் பார்த்து வருவதுதான், அதுவும் மகனுடையதாகவே இருக்கும். சுயவிவரத்தைத் திறந்து உங்களுடையதைப் போடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நீளம் தெரிந்த ஓடுதளத்தில் ஒரு சுற்று நடந்து, மீட்டரை அடிகளால் வகுத்து அதை எழுதுங்கள்.

இதயத் துடிப்பு கோடாக வருகிறது, அல்லது கண்டபடி தாவுகிறது

பின்பக்கம் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, ஆடாமல் கட்டுங்கள். கண்ணாடியில் காய்ந்த வேர்வை, மாவு, ரப்பர்ப் பால் இருந்தால் துடையுங்கள். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினால் சரியாக வராது.

இதோடு ஒரு எச்சரிக்கை, இதை வேண்டுமென்றே நீட்டிச் சொல்கிறேன். சில மலிவுப் பட்டைகள் ரத்தச் சர்க்கரையும் காட்டுவதாக விற்கப்படுகின்றன. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். அதனால் நம் ஆட்களிடம் இந்தப் பட்டை சுலபமாக விலைபோகிறது. தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தந்ததில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையையோ ஊசியையோ கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. விரல் குத்திப் பார்க்கும் கருவியும் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார கிளினிக்கின் ரத்தப் பரிசோதனையும்தான் கணக்கு. பட்டையில் அந்தத் திரையை மறைக்க முடிந்தால் மறைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, பத்தாயிரம்தான் வரமாட்டேங்குது

இதையும் கோளாறு என்று கொண்டுவருகிறார்கள், அதனால் சேர்க்கிறேன். 10,000 என்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. தோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவிய எண் அது. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களைப் பின்தொடர்ந்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது; 7,500ஐத் தாண்டியதும் மேற்கொண்டு பெரிதாகக் குறையவில்லை. இப்போது 3,000 வருகிறதா? செயலியில் இலக்கை 4,000 ஆக்குங்கள், அது எளிதாக வரத் தொடங்கியதும் ஏற்றுங்கள். முழங்கால் வலியோடு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி எண்ணை நிரப்புவது வேண்டாம்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது சட்டென்று இறங்குகிறது

நம் ஊர் வேர்வைக்கும் புழுக்கத்துக்கும் முதலில் போவது பின்பக்க உலோகப் புள்ளிகள். உப்பு படிந்து கறுத்திருக்கும். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். பவர் பேங்கில் போட்டுச் சில நிமிடத்தில் நின்றுவிட்டால் பட்டையைத் திட்டாதீர்கள். பட்டை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். சுவரில் மாட்டுங்கள்.

சீக்கிரம் இறங்கினால் இடைவிடாத துடிப்பு அளவு, கையைத் தூக்கினால் திரை எரிவது, வாட்ஸ்அப் அறிவிப்பு இந்த மூன்றையும் அணைத்துப் பாருங்கள். குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களுக்கெல்லாம் பட்டை அதிர்ந்தால் பேட்டரி என்ன செய்யும்?

கட்டிய இடத்தில் அரிப்பு, சிவப்பு

ஈரத்தோடு கட்டியே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். குளித்ததும் கழற்றித் தோலையும் வாரையும் துடைத்து உலர விடுங்கள். இரவில் கை மாற்றுங்கள். ரப்பர்ப் பால் பட்டிருந்தால் காயவிட்டுக் கட்டைவிரலால் உரித்தெடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் வார் கெடும், தோலும் வேகும். மருந்து தெளிக்கும் நாளில், உரம் போடும் நாளில் பட்டையைக் கட்டவே வேண்டாம். ரசாயனம் வாருக்கு அடியில் தங்கி நாள் முழுக்கத் தோலில் ஊறும். கழற்றியும் சிவப்பு மறையாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள்.

திரை ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது

இதற்கு மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. பசை போட்டு ஒட்டாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், அன்றே கழற்றிவிடுங்கள். குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அதனால் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் செயலியிலும் போனின் புளூடூத் பட்டியலிலும் அந்தக் கருவியை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் புதுப் பட்டையை இணைக்கும்போது போன் பழையதையே தேடிக்கொண்டிருக்கும்.